மைதானம் மிதியாத மாமன்னர்களுக்கு ஒரு மெய்க்கீர்த்தி

பராக், பராக்! தேநீர்க் கடையின் மரப்பெஞ்சையே சிம்மாசனமாகக் கொண்டு செங்கோல் ஓச்சும் சக்கரவர்த்திகள், ஹாக்கியின் ஆதியும் அந்தமும் அறிந்த அறிவுக் கடல்கள், 'எக்காலத்துக்கும் சிறந்த ஹாக்கி வீரர் யார்?' என்னும் ஒற்றைக் கேள்வியை விடை அண்டாமல் காத்துவரும் கண்ணிமை போன்ற காவலர்கள் இதோ எழுந்தருளுகிறார்கள். எவரேனும் எதிரில் உட்கார்ந்திருந்தால் எழுந்து நிற்கவும். எவரேனும் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தால் சற்று நிறுத்தவும். அந்த மட்டைச் சத்தம் அவர்களின் திருவாய்மொழிக்கு இடைஞ்சலாக இருக்கும்.

அரசனைப் பாட வரும் புலவன் அவனுடைய போர்க்களத்தைக் கண்டிருக்க வேண்டும் என்றொரு பழைய மரபு உண்டு. இந்த மாமன்னர்களைப் பாட வந்த அடியேனுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர்களும் களம் கண்டதில்லை. மூவேந்தர்க்கும் கிட்டாத பெருமை அது. போருக்குப் போகாமலே வாகை சூடியவர்களை, மழையில் நனையாமல், வெயிலில் கருகாமல், ஐந்து ரூபாய் நுழைவுச்சீட்டுகூட வாங்காமல் ஒரு விளையாட்டின் மொத்த வரலாற்றுக்கும் தீர்ப்பு வழங்குகிறவர்களை எந்த நாவால் புகழ்வது!

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார்கள் பாதி தூரம்தான் வந்தார்கள். மீதி தூரத்தை இப்பெருமக்கள் கடந்துவிட்டார்கள். தீர விசாரிப்பதும் பொய். உரக்கச் சொல்வதே மெய். தயான் சந்த் கடைசியாக ஒலிம்பிக்கில் ஆடியது 1936-ல். அன்று பெர்லினில் அவரைக் கண்ட இருபது வயது இளைஞர் ஒருவர் இன்று இருந்தால் அவருக்கு வயது நூற்றைத் தாண்டியிருக்கும். தயான் சந்த் ஆடியதாக எஞ்சியிருக்கும் அசையும் படமோ மிகச் சொற்பம். சாதாரண மனிதர்கள் இந்த நிலையில் 'பார்த்ததில்லை, ஆகவே சொல்லத் தெரியவில்லை' என்று கூச்சப்படுவார்கள். நம் வேந்தர்களுக்கோ இதுவே அனுகூலம். பார்த்தவனுக்கு ஒரு ஆட்டம்தான் தெரியும், அதிலும் அவன் உட்கார்ந்த மூலையிலிருந்து தெரிந்த பாதிதான். பாராதவர்க்கு எல்லா ஆட்டமும் தெரியும்.

தயான் சந்த் கட்சியைச் சேர்ந்த முதுபெரும் தலைவர் ஒருவர் அடியேன் வாழும் தெருமுனையில் கொலுவிருக்கிறார். அவருடைய ஞானத்தின் ஆழத்தை அளக்க எந்தக் கயிறும் போதாது. நெதர்லாந்துக்காரர்கள் தயான் சந்தின் மட்டையை உடைத்து உள்ளே காந்தம் இருக்கிறதா என்று பார்த்தார்கள் என்பார். உடைத்த ஆண்டு, உடைத்த ஊர், உடைத்த கை எதையும் கேட்டு அவரைச் சிறுமைப்படுத்த எவருக்கும் மனம் வராது. வியன்னாவில் தயான் சந்துக்கு நான்கு கைகளும் நான்கு மட்டைகளும் கொண்ட சிலை இருக்கிறது என்பார். அந்தச் சிலையை நேரில் கண்டேன் என்று சொல்லும் ஒருவரையும் அடியேன் இதுவரை சந்தித்ததில்லை, படத்தையும் கண்டதில்லை. எம்பெருமானே காட்சி கொடுக்காமல்தானே இத்தனை கோடிப் பேரை ஆள்கிறான், ஒரு சிலை காட்சி கொடுக்கவில்லை என்றால் என்ன? பிறகு ஹிட்லர் வருவார். இந்தக் கதையில் ஹிட்லர் வராமல் இருந்ததே இல்லை. 'ஜெர்மனிக்கு வந்துவிடு, கர்னல் பதவி தருகிறேன்' என்று அழைத்ததாகக் காலையில் கேட்டேன். மாலையில் இரண்டாவது தேநீரோடு அது ஃபீல்டு மார்ஷல் ஆகியிருந்தது. மேஜராக ஓய்வு பெற்ற ஒருவருக்கு இந்திய ராணுவம் தராத பதவி உயர்வையெல்லாம் ஒரு தேநீர்க் கடை தந்துகொண்டே இருக்கிறது.

தயான் சந்த் தம் வாழ்க்கையைத் தாமே எழுதியிருக்கிறார். 'கோல்' என்று பெயர். 1952-ல் வெளியிட்டது வேறு யாருமில்லை, நம் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' பத்திரிகைதான். பேருந்து ஏறினால் எட்டிவிடும் தூரத்தில் அச்சான புத்தகம். அதை நம் தலைவர் புரட்டவில்லை என்பதில் இருக்கும் பெருந்தன்மையை உலகம் உணர வேண்டும். ஒருவருடைய வாழ்க்கையில் நடந்ததை அவரிடமே கேட்பது நாகரிகமா?

எண்களை இவர்கள் கையாளும் நேர்த்திக்கு வருவோம். 1932, லாஸ் ஏஞ்சலிஸ். இந்தியா 24, அமெரிக்கா 1. அந்த 24 என்ற எண்ணை அவர்கள் உச்சரிக்கும்போது கடைச் சுவரில் தொங்கும் நாட்காட்டி நடுங்கும். அந்தப் போட்டிக்கு மொத்தம் வந்ததே மூன்று நாடுகள்தான், இரண்டு ஆட்டத்திலும் தோற்ற அமெரிக்காவே வெண்கலத்தோடு வீடு திரும்பியது என்ற அற்ப விவரங்களை அவர்கள் சொல்வதில்லை. கோயிலில் மூலவரைத் தரிசிக்க வந்தவனுக்கு மடைப்பள்ளியைக் காட்டுவார்களா? இன்னொன்றையும் நாசூக்காகத் தவிர்ப்பார்கள். அந்த 24-ல் தயான் சந்த் போட்டது 8. அவருடைய தம்பி ரூப் சிங் போட்டது 10. அண்ணனைப் பாடும் சபையில் தம்பி இரண்டு கோல் கூடுதலாகப் போட்டான் என்று சொல்வது குடும்பத்தைப் பிரிக்கும் செயல் அல்லவா? ஆகவே ரூப் சிங்கை மறந்தே விட்டார்கள். உடன்பிறப்புகளுக்குள் சண்டை வரக் கூடாது என்பதில் இவர்களுக்கு இருக்கும் அக்கறையை இராமாயணத்துக்குப் பிறகு அடியேன் கண்டதில்லை.

பெர்லின் இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை 8-1 என்று வென்றபோது தயான் சந்த் போட்டது ஒரு கணக்கில் மூன்று, இன்னொரு கணக்கில் ஆறு. மற்ற தேசங்களில் இதைச் சரிபார்க்க யாராவது ஒரு ஆய்வாளரை அமர்த்துவார்கள். நம் மன்றத்தில் குரல் வளத்தைப் பொறுத்து அது ஏறி இறங்கும். மழைநாளில் மூன்று, பண்டிகை நாளில் ஆறு.

எதிர் அணியின் மாண்பைச் சொல்லாமல் விட்டால் பாவம் சூழும். பல்பீர் சிங் கட்சியின் தளபதியும் அதே பெஞ்சின் மறுகோடியில் வீற்றிருக்கிறார். இவருடைய ஆயுதம் ஹெல்சிங்கி. 1952 இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்துக்கு எதிராக இந்தியா போட்ட ஆறில் ஐந்து பல்பீர் சிங் போட்டது. பதிவேட்டுக் கணக்கில், ஒலிம்பிக் ஆடவர் இறுதி ஆட்டத்தில் ஒருவர் போட்ட அதிகபட்சக் கோல்கள் இன்றுவரை அதுதான். லண்டன், ஹெல்சிங்கி, மெல்போர்ன் என்று மூன்று தங்கம். தளபதி இதைச் சொல்லி முடித்ததும் 'எந்த பல்பீர் சிங்?' என்று ஒரு பொடியன் கேட்டுவிட்டான். கேள்வியில் குற்றமில்லை, 1968 மெக்சிகோவுக்குப் போன இந்திய அணியில் மட்டும் பல்பீர் சிங் என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். தளபதி கலங்கவில்லை. 'எல்லா பல்பீர் சிங்கும்தான்' என்றார். ஒரே வீச்சில் நான்கு பேரை மாவீரர்களாக்கிய கொடை நெஞ்சம்! பாரி முல்லைக்கு ஒரு தேர்தான் கொடுத்தான்.

ஹெல்சிங்கியின் பல்பீர் சிங் விஷயத்தில் நம் அரசு அமைப்புகள் விவாதக் கலைக்குச் செய்திருக்கும் தொண்டு பொன்னெழுத்தில் பொறிக்கத் தக்கது. 1985-ல், அருங்காட்சியகம் ஒன்று அமையப் போகிறது என்று நம்பி, பெரியவர் தம்மிடமிருந்த பதக்கங்கள், அரிய புகைப்படங்கள், மெல்போர்னில் அணித்தலைவராக அணிந்த பிளேசர் கோட்டு எல்லாவற்றையும் இந்திய விளையாட்டு ஆணையத்திடம் ஒப்படைத்தார். பதக்கங்கள் மட்டும் 36. 2012-ல் லண்டன் ஒலிம்பிக்கை ஒட்டி அவற்றைத் தேடியபோது ஒன்றும் இல்லை. எங்கே போயின என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பார்த்தார்கள். 2020 மே மாதம் அவர் கண்மூடும்வரை ஒரு பொத்தானும் திரும்பி வரவில்லை.

இதன் தொலைநோக்கை வாசகர்கள் கவனிக்க வேண்டும். சான்று என்ற ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துகொண்டே இருந்தால் விவாதம் எப்படிச் செழிக்கும்? பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்ப்பார்கள், தேதியைக் குறித்துக்கொள்வார்கள், வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களைத் திருத்துவார்கள். எத்தனை குடும்பங்களில் அமைதி குலையும்! பதக்கத்தைத் தொலைத்தவர்கள் அந்த வம்பையும் சேர்த்துத் தொலைத்தார்கள். நிலத்தைப் பண்படுத்தும் உழவன் களையைப் பிடுங்குவதுபோல வரலாற்றிலிருந்து ஆதாரங்களைப் பிடுங்கி எறிந்த அந்தக் கைகள் யாருடையவோ, அவை நீடூழி வாழ்க.

இவ்விரு கட்சிகளுக்கும் ஒரே ஒரு ஆபத்து உண்டு. கோலாலம்பூர், 1975. இந்தியா இதுவரை வென்ற ஒரே உலகக் கோப்பை. இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை 2-1 என்று வென்றார்கள். வெற்றிக் கோலைப் போட்டவர் அசோக் குமார், தயான் சந்தின் மகன். அந்த அணிக்கு மேலாளராகப் போனவர் பல்பீர் சிங். இவர் மகன் அடிக்க, அவர் நெறிப்படுத்த, ஒரு கோப்பை வந்தது. இதை யாராவது சபையில் எடுத்துச் சொன்னால் இரண்டு கட்சியும் கைகுலுக்கிப் பெஞ்சைக் காலி செய்ய வேண்டியதாகிவிடும். ஆனால் நம் சான்றோர்கள் விழிப்பானவர்கள். 1975 என்ற ஆண்டை ஒருவரும் வாய் தவறியும் சொல்லிக் கேட்டதில்லை.

கோல்கீப்பர்களை இவ்வழக்கிலிருந்து விடுவித்த கருணையும் சாமானியமானதல்ல. 1956 மெல்போர்னில் இந்தியா 38 கோல் போட்டது, ஒன்றுகூட வாங்கவில்லை. அந்த 38-ஐப் போட்டவர்கள் மாவீரர் பட்டியலில் மோதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, அந்தப் பூஜ்யத்தைக் காத்த சங்கர் லட்சுமணனைப் பட்டியலுக்கு வெளியே நிழலில் உட்காரவைத்தார்கள். 1960 ரோமில் வெள்ளி, 1964 டோக்கியோவில் பாகிஸ்தானை 1-0 என்று வீழ்த்தித் தங்கம். இன்றுபோல் உடல் முழுக்கக் கவசமா இருந்தது? சாதாரண காலுறைத் திண்டும் நெஞ்சுறுதியும்தான். தடுப்பது ஒரு திறமையா, வந்த பந்து அவர்மேல் பட்டது, அவ்வளவுதானே என்று தீர்ப்பாகிவிட்டது. அந்தப் பெரியவர் 2006-ல் மத்தியப் பிரதேசத்து மௌ நகரில் வறுமையில், கால் அழுகிய நோயோடு இறந்தார். அந்த வாரம் எங்கள் சபையில் மிக உயர்ந்த தரத்தில் வாதம் நடந்துகொண்டிருந்தது. தலைப்பு, தயான் சந்தின் மட்டையில் இருந்தது காந்தமா, பசையா?

நம்மவர் என்று உரிமை கொண்டாட ஒருவர் இருக்கிறார், தன்ராஜ் பிள்ளை. புனேயை அடுத்த கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு சாம்பியன்ஸ் டிராஃபி, நான்கு ஆசிய விளையாட்டு. 1998 டிசம்பரில் பாங்காக்கில் அவர் தலைமையில் இந்தியா ஆசியத் தங்கம் வென்றது, 32 ஆண்டுகளுக்குப் பிறகு. இப்படியொரு வெற்றிக்கு எப்படி நன்றி சொல்வது என்று ஹாக்கிச் சங்கத்தின் மேலோர் சிந்தித்தார்கள். வீரர்கள் ஆட்டத்துக்கு ஊதியம் கேட்டார்கள், வசதிக் குறைவைப் பற்றி வாய்விட்டுப் பேசினார்கள். தாய் மனம் துடித்தது. பாவம், பிள்ளைகள் களைத்துப்போய்விட்டார்கள்! அடுத்த அணி அறிவிக்கப்பட்டபோது தன்ராஜும் மூத்த வீரர்கள் சிலரும் இல்லை. அவர்களுக்கு 'ஓய்வு' கொடுக்கப்பட்டிருக்கிறது என்றார்கள்.

ஓய்வு! தமிழில் இவ்வளவு மென்மையான சொல்லுக்கு இவ்வளவு கூரான நுனி இருப்பதை நிகண்டு எழுதியவர்களும் அறிந்திருக்க மாட்டார்கள். நம் வேந்தர்களின் உயர்வும் அன்றுதான் வெளிப்பட்டது. தன்ராஜ் ஆடிக்கொண்டிருந்தவரை 'அவன் பந்தை யாருக்கும் கொடுக்க மாட்டான்', 'கோபக்காரன்' என்றே சொல்லிவந்தவர்கள், அவர் அணியில் இல்லை என்று தெரிந்த மறுநாள் காலை அவரை எக்காலத்துக்கும் சிறந்தவர் பட்டியலில் சேர்த்தார்கள். ஆடுகிறவனைச் சிறந்தவன் என்று சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது, நாளைக்கு அவன் தோற்றுத் தொலைத்தால் சொன்னவர் முகத்தை எங்கே வைப்பது? ஆடாதவன் தோற்கவே மாட்டான்.

இந்த நியாயத்தால்தான் பக்கத்திலேயே இருப்பவர்களையும் அவர்கள் தொந்தரவு செய்வதில்லை. 1980 மாஸ்கோவில் ஸ்பெயினை 4-3 என்று வென்று இந்தியா கடைசியாகத் தங்கம் வாங்கியபோது அணித்தலைவர் வாசுதேவன் பாஸ்கரன். நம் சென்னைக்காரர். அதே அணியின் முகமது ஷாஹித் எப்படிப் பந்தை வளைத்துக்கொண்டு போனார் என்பதைப் பக்கத்தில் ஓடிக்கொண்டே பார்த்தவர். அவரிடம் போய் யாராவது கேட்டால் சொல்லிவிடுவார். கேட்டால் விடை கிடைத்துவிடும் என்பது தெரிந்ததால் நம்மவர்கள் கேட்பதில்லை. கற்றோர் அடக்கம் என்றால் இதுவல்லவா அடக்கம்!

அயல்நாட்டாரை இவர்கள் நடத்தும் விதத்தில் பழந்தமிழ் விருந்தோம்பலே தோற்கும். எவரையும் வாசற்படி ஏற்றிக் களைப்படைய விடுவதில்லை. நெதர்லாந்தின் டியூன் டி நூயர் தன் நாட்டுக்காக 453 ஆட்டம் ஆடி இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கினாராம். ஆஸ்திரேலியாவின் ஜேமி டுவையர் ஐந்து முறை உலகின் சிறந்த வீரர் விருது பெற்றாராம். பாகிஸ்தானின் சொஹைல் அப்பாஸ் பெனால்டி கார்னரை வைத்துக்கொண்டே 348 கோல் போட்டாராம். இவர்களெல்லாம் யாரென்று எங்கள் சபை கேள்விப்பட்டதே இல்லை. ஏனென்றால் எங்கள் சபையின் பஞ்சாங்கப்படி உலகம் 1980 ஜூலை 29 அன்று முடிந்துவிட்டது. அதற்கு முன்பே ஒருமுறை பாதி முடிந்தது. 1976 மாண்ட்ரியலில் புல்லை எடுத்துவிட்டுச் செயற்கைத் தரையை விரித்தார்கள்; இந்தியா ஏழாவது இடம். 'ஆடத் தெரியாதவனுக்கு மேடை கோணல்' என்ற பழமொழியைப் பிறர் நம்மை நோக்கிச் சொல்வதற்கு முன்பே, மேடை உண்மையிலேயே கோணல்தான் என்று நிறுவிய முதல் சமுதாயம் நாம். மற்ற நாடுகள் ஊருக்கு ஊர் அந்தத் தரையை விரித்துக்கொண்டிருந்த பத்தாண்டில் நம் நாடு அதைவிட உறுதியான ஒன்றை விரித்தது, காரணத்தை. 1986 லண்டன் உலகக் கோப்பையில் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது. 2008 பெய்ஜிங்குக்குத் தகுதியே பெறவில்லை, 80 ஆண்டுகளில் முதல் முறையாக. அந்த இரண்டு ஆண்டுகளிலும் சிறந்தவர் யார் என்ற விவாதம் மட்டும் ஒரு நாளும் தகுதி இழக்கவில்லை.

பெண்களின் பெயரைப் பொது இடத்தில் எடுத்து அவர்களுக்குச் சங்கடம் உண்டாக்கக் கூடாது என்ற பண்பும் இச்சபையின் அணிகலன். அர்ஜென்டினாவின் லூசியானா அய்மார் எட்டு முறை உலகின் சிறந்த வீராங்கனை. ஆடவர், பெண்டிர் இருபாலிலும் வேறு எவரும் தொடாத எண் அது. 'சிறந்த வீரர் யார் என்றுதானே கேட்டோம், வீராங்கனை என்றா கேட்டோம்?' என்று இலக்கணம் காட்டி ஒரே விகுதியில் அவரை அனுப்பிவைத்தார்கள். தொல்காப்பியரும் பால்பாகுபாட்டுக்கு இவ்வளவு பயன் இருக்குமென்று நினைத்திருக்க மாட்டார்.

நம் வந்தனா கட்டாரியாவுக்குக் கிடைத்த மரியாதை இன்னும் மேலானது. 2021 டோக்கியோவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். நான்கு நாள் கழித்து அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் அணி தோற்றது. ஹரித்வாரை அடுத்த ரோஷ்னாபாத்தில் அவர் வீட்டு வாசலுக்கே சிலர் போனார்கள். பட்டாசு வெடித்தார்கள். அணியில் தலித் பெண்கள் அதிகம் இருந்ததுதான் தோல்விக்குக் காரணம் என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள். டிராக் ஃபிளிக், தற்காப்பு வியூகம், கார்னர் தடுப்பு என்றெல்லாம் பயிற்சியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் விஷயத்தை, ஒரு முறைகூட மட்டையைத் தொடாமல் மூவாயிரம் ஆண்டு பின்னோக்கிப் போய்த் தீர்த்துவைத்த அந்த ஆராய்ச்சியாளர்களுக்கு என்ன பட்டம் தருவதென்று அடியேனுக்குத் தெரியவில்லை. கையில் இருக்கும் பட்டங்களெல்லாம் மனிதர்களுக்கு உரியவை.

அதே வாரத்தில் நிகழ்ந்த இன்னொரு அற்புதம் உண்டு. 2021 ஆகஸ்டு 5 அன்று இந்திய ஆடவர் அணி ஜெர்மனியை 5-4 என்று வென்று வெண்கலம் வாங்கியது. 41 ஆண்டுக்குப் பிறகு ஒரு பதக்கம். கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் கோல் கம்பத்தின் உச்சியில் ஏறி உட்கார்ந்திருந்தார். விடிந்தால் ஆகஸ்டு 6. அன்று பெண்கள் அணி பிரிட்டனோடு வெண்கலத்துக்குப் போராடி 3-4 என்று தோற்று அழுதுகொண்டிருந்தது. அதே நாளில் கேல் ரத்னா விருதின் பெயர் மேஜர் தயான் சந்த் கேல் ரத்னா விருது என்று மாற்றப்பட்டது. வென்றவர்களும் அழுதவர்களும் உயிரோடு கண்முன் நிற்கும்போது, அவர்களைச் சற்றே நகரச் சொல்லிவிட்டு, 42 ஆண்டு முன்பு மறைந்தவருக்கு மாலை போடும் அந்தப் பக்தி எந்த நாட்டுக்கு வரும்? பெயர்ப் பலகை விஷயத்தில் நம்மை விஞ்ச ஆளில்லை. டெல்லி மைதானத்துக்கு அவர் பெயர். அவர் பிறந்த ஆகஸ்டு 29 தேசிய விளையாட்டு தினம். பெயர் வைப்பதற்குத் தண்ணீர் தெளிக்க வேண்டாம், விளக்குப் போட வேண்டாம், பத்தாண்டுக்கு ஒருமுறை தரையைப் பெயர்த்து மாற்ற வேண்டாம். மிகச் சிக்கனமான மைதானம் அது.

அந்த மேதை 1979 டிசம்பர் 3 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் பொது வார்டில் இறந்தார். கல்லீரல் புற்றுநோய். பொது வார்டு என்பதை வறுமை என்று சிலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மக்களின் வீரரை மக்களோடு மக்களாகப் படுக்கவைப்பதுதானே முறை? சிறப்பு அறையில் கிடத்தியிருந்தால் பிற்காலத்தில் 'அவருக்கு பாரத ரத்னா கொடுக்க வேண்டாமா?' என்று ஆண்டுதோறும் நாம் நெஞ்சில் அறைந்துகொள்ள ஒரு முகாந்திரம் இருந்திருக்குமா? விளையாட்டு வீரர்களுக்கும் பாரத ரத்னா தரலாம் என்று 2011-ல் விதியைத் திருத்தினார்கள். 2013-ல் அது சச்சின் டெண்டுல்கருக்கு அறிவிக்கப்பட்டது. அன்று எங்கள் கடையில் எழுந்த கொந்தளிப்பில் இரண்டு கண்ணாடித் தம்ளர் உடைந்தது. தேசிய விளையாட்டுக்கு நேர்ந்த அவமானம் என்று தலைவர் முழங்கினார். ஹாக்கியைத் தேசிய விளையாட்டாக அரசு அறிவிக்கவே இல்லை என்று 2012-லேயே ஒரு பள்ளிச் சிறுமி தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிவிட்டாளே என்று அடியேன் மெல்லச் சொன்னேன். 'அந்தப் பொண்ணுக்கு ஹாக்கியப் பத்தி என்ன தெரியும்?' என்றார்.

அன்னாரை நேரில் ஒரு ஆட்டத்துக்கு அழைத்துச் செல்லும் பேறு அடியேனுக்கு வாய்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. எழும்பூரில் முருகப்பா தங்கக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. நீலத் தரையில் தண்ணீர் தெளித்து, அரங்கின் இருக்கைகளில் பெரும்பாலும் காற்றும் நிழலும் அமர்ந்திருக்க, கோவில்பட்டிப் பக்கத்துப் பையன்கள் சிலர் ஆடுவார்கள் என்று சொன்னார்கள். கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய், தீப்பெட்டி, மூன்றாவதாக ஹாக்கி மட்டை. அங்கே காலையில் பால் வாங்கப் போகிற சிறுவன் கையிலும் ஒன்று இருக்கும். தலைவரிடம் பணிந்து கேட்டேன்.

'ஐயா, சாயங்காலம் எழும்பூர் வர்றீங்களா? நல்ல மேட்ச்.'

'யாரு ஆடுறா?'

பெயர்களைச் சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும் இரக்கத்தோடு தலையசைத்தார்.

'தம்பி, தயான் சந்தைப் பார்த்த கண்ணால இதையெல்லாம் எப்படிப் பாக்கறது?'

அவருக்கு வயது அறுபத்தேழு. தயான் சந்த் ஆட்டத்தை முடித்துக்கொண்டபோது இவர் பிறந்திருக்கவில்லை. பிறப்பதற்கு முன்பே பார்த்துவிட்ட அந்தக் கண்களை வணங்கிவிட்டுத் தனியாகப் போனேன். அன்றைய ஆட்டத்தைப் பற்றி இங்கே சொல்லி இந்த மெய்க்கீர்த்தியின் தரத்தைக் குறைக்க மாட்டேன். இடது ஓரத்தில் ஒரு பையன் மட்டையைத் திருப்பிப் பிடித்து ஓடும் வேகத்திலேயே அடித்தது மட்டும் ராத்திரி தூக்கத்தில் இரண்டு முறை வந்தது.

மறுநாள் கடையில் சபை நிறைந்திருந்தது. ரூப் சிங்கைச் சேர்க்கலாமா என்ற புரட்சிகரமான தீர்மானம் ஒன்றைப் பல்பீர் கட்சி கொண்டுவந்திருந்தது. தயான் சந்த் கட்சியைப் பிளக்கும் சூழ்ச்சி அது என்று தலைவர் கண்டுபிடித்திருந்தார். அனல் பறந்தது. சுவர்த் தொலைக்காட்சியில் ஏதோ ஆட்டம் நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது, நீலத் தரை, நீலச் சட்டைகள். வர்ணனையாளர் திடீரென்று கத்தவும் தலைவரின் வாக்கியம் நடுவில் அறுந்தது. அவர் கையை உயர்த்தினார்.

'டேய், அந்த சத்தத்தக் குறை. முக்கியமா ஒண்ணு பேசிட்டிருக்கோம்ல.'

மாஸ்டர் ரிமோட்டை எடுத்து ஒலியை அடைத்தார். திரையில் யாரோ ஒருவரை மற்றவர்கள் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். சபையோரின் திருமுதுகுகள் மறைத்ததால் சட்டை எண் தெரியவில்லை. தலைவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்: 'ஆங்… ஹிட்லர் எழுந்து நின்னான்…'